அம்பாசடர் மார்க் 4 பெட்ரோல்: ரீபோர் முடிந்த என்ஜினை வீட்டு போர்டிகோவில் வைத்தே மாட்ட முடியுமா?

ஈரோடு_மார்க்4 கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1984 அம்பாசடர் மார்க் 4. பெட்ரோல், 1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) என்ஜின், கியர் லிவர் ஸ்டியரிங் தண்டில். சிலிண்டர்களைக் கடைந்து அகலப்படுத்தி (ரீபோர்), என்ஜின் லேத்துப் பட்டறையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. போர் 20 தௌ (தௌ என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடுதல், க்ராங்க் மெயினும் (பிளாக்கில் உட்காரும் இடம்) பிக் எண்டும் (கனெக்டிங் ராடு மாட்டும் இடம்) 10 தௌ குறைவு. பிஸ்டன், ரிங், ஷெல் (பேரிங்) எல்லாம் புதுசு. ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் நாலும் கடினமானது போட்டாயிற்று. பிளாக், க்ராங்க், பிஸ்டன், கேம்ஷாஃப்ட் வரைக்கும் அவர்களே கோர்த்துக் கொடுத்தார்கள். டைமிங் செயின், ஆயில் சேம்பர் (அடியில் ஆயில் தங்கும் தட்டு), ஹெட், ஃபிளைவீல், கிளட்ச் எல்லாம் நாங்கள்தான் மாட்ட வேண்டும். கியர்பாக்ஸ் வண்டியிலேயே இருக்கிறது, கழற்றவில்லை.

ஆள் பலம்: அப்பா (வயது 64, வண்டியை அணு அணுவாகத் தெரியும், ஆனால் கனம் தூக்கக் கூடாது), தம்பி, மனைவி, மச்சான். சனி, ஞாயிறு இரண்டு நாள்.

கேள்விகள்:
1. என்ஜினை மட்டும் வண்டிக்குள் இறக்கி மாட்டலாமா, கியர்பாக்ஸையும் கழற்றிச் சேர்த்து மாட்டுவது நல்லதா?
2. போர்டிகோ கான்கிரீட்டில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறது. அதில் செயின் பிளாக் மாட்டலாமா?
3. மூடுவதற்கு முன் நாங்கள் பார்த்தே ஆக வேண்டியவை என்ன?
4. முதல் ஸ்டார்ட் எப்படிச் செய்வது?

---

பழைய_லேத்து:

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் தப்பினால் திருத்தலாம், இது தப்பினால் என்ஜின் மறுபடி லேத்துக்குப் போகும்.

லேத்தில் கேட்க வேண்டிய முதல் விஷயம், பிளாக்கில் ஆயில் ஓடும் நீள ஓட்டையின் முனை பிளக்குகளைக் கழற்றி பிரஷ் விட்டுக் கழுவினார்களா என்பது. போர் செய்யும்போதும் ஹோன் (கல் வைத்துச் சுவரைத் தேய்ப்பது) செய்யும்போதும் வருகிற இரும்புத் தூளும் கல் தூளும் அந்த ஓட்டைக்குள்தான் போய் உட்காரும். பிளாக்கை வெளியே மட்டும் டீசல் ஊற்றிக் கழுவினால் அது அசையாது. முதல் ஸ்டார்ட்டில் ஆயில் பிரஷர் வந்ததும் நேராக ஷெல்லுக்குள் போய்விடும். பிளக் கழற்றியதற்கான தடயம் தெரியவில்லை என்றால், கோர்த்த என்ஜினாக இருந்தாலும் பிரித்துக் கழுவச் சொல்லுங்கள். சங்கடம்தான், வேறு வழியில்லை. சிலிண்டர் சுவரைச் சுத்தமான வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் ஹோனிங் தூள் இன்னும் இருக்கிறது. பெட்ரோல் போட்டுத் துடைத்தால் தூள் போகாது. சோப்புத் தண்ணீர், பிரஷ், உடனே ஆயில், இந்த வரிசைதான்.

அடுத்தது க்ராங்க் முன்னும் பின்னும் ஆடும் அளவு. நடு மெயினில் இருக்கும் த்ரஸ்ட் வாஷர்தான் இதைக் கட்டுப்படுத்துகிறது. 2 முதல் 3 தௌ இருக்க வேண்டும் (0.05 – 0.076 மி.மீ.). ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) போட்டு நீங்களே பார்க்கலாம். வாஷரில் ஆயில் வெட்டு இருக்கும் முகம் க்ராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டிருந்தால் கிளட்ச் மிதிக்க மிதிக்கத் தேய்ந்துவிடும். போல்ட் இறுக்கம் மெயினுக்கு 70 பவுண்டு-அடி, பிக் எண்டுக்கு 35. டார்க் ரெஞ்ச் இருந்தால் ஒரு தடவை நீங்களும் தொட்டுப் பாருங்கள். ஹெட் இல்லாத நிலையில் முன் போல்ட்டில் ஸ்பானர் போட்டுச் சுற்றினால் ஒரே சீரான இறுக்கம் தெரிய வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் பிடித்தால் மேலே போகாதீர்கள்.

டைமிங் செயின்: இரண்டு பற்சக்கரத்திலும் இருக்கும் புள்ளிகள் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். டென்ஷனர் இருந்தால் மாட்டியபின் ரிலீஸ் செய்ய மறக்க வேண்டாம். ஆயில் த்ரோயர் தட்டின் குழிந்த பக்கம் வெளியே, அதாவது முன்னால். 'எஃப்' எழுத்து இருந்தால் அதுவும் முன்னால். கவர் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, புல்லியை ஆயில் சீலுக்குள் நுழைத்து, அது கவரை மையத்துக்குக் கொண்டுவந்த பிறகே இறுக்குங்கள். இந்த ஒரு படியைத் தாண்டினால் புது சீல் முதல் நாளே ஒழுகும்.

என்ஜினின் பின் இரும்புத் தகட்டையும் அதன் பேக்கிங்கையும் ஃபிளைவீலுக்கு முன் மாட்டுங்கள். ஃபிளைவீல் இறுக்கி, கிளட்ச் கட்டி, தொங்கவிட்ட பிறகு மூலையில் அந்தத் தகடு சாய்ந்து நிற்பதைப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். ஃபிளைவீல் போல்ட் 40 பவுண்டு-அடி, லாக் பிளேட் மடிக்க வேண்டும்.

ஆயில் சேம்பர் பேக்கிங் இரண்டு பாதியாக வரும். முன், பின் மெயின் கேப்பின் கீழ் வளைவுக்குத் தனியாக கார்க் பட்டைகள். கார்க்கை வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊற வையுங்கள், வளைக்கும்போது உடையாது. முனைகள் பள்ளத்துக்கு மேல் சற்றே எழும்பி நிற்கட்டும், அமுக்கும்போது சரியாகும். கார்க்கும் பேக்கிங்கும் சந்திக்கிற நாலு மூலையில் மட்டும் கடுகளவு சிலிகான். தட்டு முழுக்கப் பூசினால் பிதுங்கி உள்ளே விழுந்து ஆயில் பம்ப் வலையை அடைக்கும்.

பின்பக்கம் ரப்பர் சீலைத் தேடாதீர்கள். இந்த என்ஜினில் க்ராங்கின் பின்பகுதியில் வெட்டியிருக்கும் திருகுப் பள்ளம்தான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. அது வேலை செய்ய, க்ராங்க் கேஸில் காற்று அடைபடக் கூடாது. டேப்பட் கவரிலிருந்து வரும் பிரீதர் (காற்றுப்போக்கி) குழாயை மண்ணெண்ணெயில் ஊற வைத்து ஊதிப் பாருங்கள். "புது என்ஜின், ஆனாலும் கிளட்ச்சில் ஆயில்" என்கிற புகாரில் பாதி இந்தக் குழாயில் முடியும். பெல் ஹவுசிங்கின் (கிளட்ச்சை மூடும் கூண்டு) அடியில் ஓட்டையில் ஒரு கோட்டர் பின் ஆடிக்கொண்டிருக்கும். ஓட்டை அடைபடாமல் இருக்கத்தான் அது. வெட்டி எறியாதீர்கள்.

ஹெட்: கேஸ்கட்டில் 'டாப்', 'ஃப்ரன்ட்' அச்சைப் பாருங்கள். மொத்தம் 11 நட்டு. அதில் நாலு, ராக்கர் ஸ்டாண்டு வழியாகவே ஹெட்டைப் பிடிக்கிறது. ஆகவே ராக்கரை உட்கார வைத்த பிறகே முழு இறுக்கம். நடுவிலிருந்து வெளியே, 15, 28, 40 பவுண்டு-அடி என்று மூன்று சுற்று. ராக்கரின் சின்ன நட்டு நாலும் 25. பின்னால் எப்போதாவது ராக்கரை மட்டும் கழற்ற நேர்ந்தாலும் தண்ணீரை வடித்து, 11 நட்டையும் வரிசையாகத் தளர்த்த வேண்டும். நாலை மட்டும் கழற்றினால் ஹெட் கோணிக்கொள்ளும்.

டேப்பட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில்) 15 தௌ (0.38 மி.மீ.). எந்த வால்வை எப்போது வைப்பது என்று குழம்ப வேண்டாம், திறந்த வால்வு எண்ணும் வைக்கும் வால்வு எண்ணும் கூட்டினால் 9 வந்தால் போதும். 8-ஆவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1-ஐ வையுங்கள். 6 திறந்திருந்தால் 3. 4 திறந்திருந்தால் 5. இப்படியே எட்டும். இந்த வேலையை அப்பாவிடம் கொடுங்கள். ஒரு ஸ்டூல், ஃபீலர் கேஜ், கீழே ஹேண்டில் சுற்ற தம்பி.

---

கோபி_செயின்பிளாக்:

முதல் ரெண்டு கேள்விக்கு நான் சொல்றேனுங்க.

கியர்பாக்ஸ் நல்லா இருந்தா அதைத் தொடாதீங்க. ஸ்டியரிங் கியர் ராடு, கிராஸ் மெம்பர், ப்ரொபல்லர் ஷாஃப்ட்டுன்னு அதுக்கே ஒரு நாள் போயிரும். என்ஜின் மட்டும் இறக்குங்க. ஆனா ஒண்ணு, கியர்பாக்ஸ் முன்பக்கம் ஜாக்கி கொடுத்து, நடுவுல மரக்கட்டை வச்சு, பழைய என்ஜின் இருந்தப்ப எந்த உயரமோ அதே உயரத்துல நிக்கணும். மண் தரைல ஜாக்கி வச்சா ராத்திரில அரை இஞ்சு இறங்கியிருக்கும், காலைல என்ஜின் சேரலேன்னு மூணு மணி நேரம் மல்லுக்கட்டுவீங்க. அடியில பலகை போடுங்க.

ஊஞ்சல் கொக்கி வேண்டாமுங்க. ரெண்டு பேர் உக்காந்து ஆடுறாங்களே, தாங்காதான்னு தோணும். கியர்பாக்ஸ் இல்லாம இந்த என்ஜின் 150 கிலோவுக்கு மேல. செயின் பிளாக் எடை தனி, செயினை வெடுக்குன்னு இழுக்கும்போது வர்ற குலுக்கல் தனி. அந்தக் கொக்கி ஸ்லாப் கம்பியோட சேர்த்துக் கட்டினதா, பின்னால துளை போட்டு வச்சதான்னு மேல பாத்து யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு சிக்கல், கொக்கி ஒரே இடத்துல நிக்கும். அப்ப என்ஜினை அந்தரத்துல தொங்கவிட்டு வண்டியைத்தான் முன்ன பின்ன தள்ளணும். கடைசி ஒரு இஞ்சு சேர்க்கையில அது நடக்காது. சக்கரம் வச்ச என்ஜின் கிரேன் வாடகைக்குக் கிடைக்குது, ரெண்டு நாளைக்கு எடுத்துக்கங்க. அதுவும் சிமெண்டுத் தரைலதான் உருளும், மண்ணுல உருளாது. கிடைக்கலேன்னா மூணு காலு ஜி.ஐ. பைப் ஸ்டாண்டு, காலு விரியாம இருக்க அடியில சங்கிலி கட்டுங்க.

ராக்கர் கவர் ஸ்டட்டுல கொக்கி மாட்டுற பழக்கம் இருக்குது. நாப்பது வருசம் ஆன ஸ்டட்டு, மரை எப்படி இருக்குதோ. ஒரு டன் பெல்ட்டு ரெண்டு வாங்கி முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு சுத்துங்க. டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, ஆயில் பில்டர் கிண்ணம் இதெல்லாம் பெல்ட்டுல நசுங்கும், அதனால இறக்குறதுக்கு முன்னாடி மாட்டாதீங்க. முன்பக்கம் கொஞ்சம் தூக்கலா, வாலு கீழ சாய்ஞ்ச மாதிரி தொங்கணும்.

அதுக்கு முன்னாடி பானட்டைக் கழட்டிருங்க. ரெண்டு பேரு புடிக்க, ஒருத்தர் போல்ட்டு. கீல் ஓரத்துல பென்சில்ல கோடு போட்டுட்டா திரும்ப மாட்டையில இடைவெளி மாறாது. ரேடியேட்டரும் வெளிய வரணும்.

ஆளு வேலை எப்படிப் பிரிக்கிறதுன்னா:

செயின் அல்லது கிரேன் வால்வு: மனைவி. பலம் வேண்டியதில்ல, நிதானம் வேணும். ஒரு கண்ணி, நிறுத்தம். ஒரு கண்ணி, நிறுத்தம்.
என்ஜினைக் கையில தள்ளி நேர் பாக்குறது: நீங்க.
வண்டிக்கு அடியில, பெல் ஹவுசிங் பக்கம், டார்ச்சோட: தம்பி. என்ஜின் அந்தரத்துல இருக்கையில அவர் கையோ தலையோ அதுக்கு நேர் கீழ போகக்கூடாது. பக்கவாட்டுல இருந்துதான் பாக்கணும். வண்டி ஆக்சில் ஸ்டாண்டு மேல நிக்கணும், வெறும் ஜாக்கி மேல இல்ல.
முன் புல்லியில ஹேண்டில்: மச்சான்.
அப்பா: நாற்காலி போட்டு முன்னால உக்காந்து அவர் ஒருத்தர்தான் சத்தம் கொடுக்கணும். "இறக்கு", "நிறுத்து", "முன்னால". மத்தவங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாது, "நிறுத்து"ன்னு சொல்றதுக்கு மட்டும் எல்லாருக்கும் உரிமை உண்டு. நாலு பேரு நாலு சொன்னா விரல் போயிரும்.

சேர்க்கிறப்போ கியரை டாப்ல போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து வைங்க. அப்ப கியர்பாக்ஸ் தண்டு திரும்பாது. மச்சான் ஹேண்டிலை மெல்ல ஆட்ட ஆட்ட, கிளட்ச் பிளேட் பல்லும் தண்டுப் பல்லும் ஒண்ணோட ஒண்ணு மாட்டி, என்ஜின் ஒரு இஞ்சு தானா உள்ள போகும். அந்தச் சத்தம் காதுல கேக்கும்.

கிளட்ச் பிளேட்டுல ஸ்பிரிங் தூக்கி நிக்கிற பக்கம் கியர்பாக்ஸ் பக்கம். திருப்பிப் போட்டா ஹப்பு ஃபிளைவீல் போல்ட்டுல இடிக்கும், எல்லாம் மாட்டுன பிறகுதான் கிளட்ச் விடலேன்னு தெரியும். பிளேட்டை நடுவுல நிறுத்த பழைய கியர்பாக்ஸ் தண்டு ஒண்ணு பழைய இரும்புக் கடைல கிடைச்சா தங்கம். இல்லேன்னா மரத்துல கடைஞ்சுக்கலாம். க்ராங்க் பின்னால இருக்குற வெண்கல புஷ்ஷையும் மாத்திருங்க, போடுறதுக்கு முந்தின நாளே என்ஜின் ஆயில்ல ஊறப் போடுங்க. ரிலீஸ் பேரிங் இதுல கார்பன்தான். கிண்ணத்து விளிம்பு வரைக்கும் தேஞ்சிருந்தா புதுசு. அதுக்கு கிரீஸ் வைக்காதீங்க.

---

ஈரோடு_மார்க்4:

ரொம்ப நன்றிங்க. ஆயில் ஓட்டை பிளக்கைக் கழற்றித்தான் கழுவினார்கள், புது பிளக் போட்ட அடையாளம் இருக்கிறது. க்ராங்க் ஆட்டம் இரண்டரை தௌ. கிரேன் வாடகைக்கு எடுத்தாயிற்று.

இப்போது என்ஜின் தொங்குகிறது. பல் மாட்டிவிட்டது. ஆனால் பெல் ஹவுசிங்குக்கும் பின் தகட்டுக்கும் நடுவில் 10 மி.மீ. போல நிற்கிறது, அதற்கு மேல் உள்ளே போகவில்லை. மச்சான் நீள போல்ட் இரண்டு போட்டு இழுத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

---

கோபி_செயின்பிளாக்:

வேண்டாம். மச்சான் கையில இருந்து ஸ்பானரை வாங்கி வைங்க.

போல்ட்டுல இழுத்தா கிளட்ச் பிளேட் ஹப்பு வளையும், இல்லேன்னா பின் தகடு விரியும், புஷ்ஷு சிதையும். கடைசியில கையால ஆட்டி, வயித்தால தள்ளி, முகத்தோட முகம் ஒட்டணும். போல்ட்டு அதைப் புடிச்சு நிறுத்த மட்டும்தான்.

ஸ்டீல் ரூலர் வச்சு அந்த இடைவெளியை மேல, கீழ, ரெண்டு பக்கமும் அளங்க.

கீழ அதிகம், மேல கம்மின்னா என்ஜின் முன்பக்கம் ரொம்பத் தூக்கியிருக்குது. கிரேனைக் கொஞ்சம் இறக்குங்க, இல்ல கியர்பாக்ஸ் ஜாக்கியைக் கொஞ்சம் ஏத்துங்க. மேல அதிகம்னா அதுக்கு நேர் எதிர். சுத்திலும் சமமா 10 இருந்தா, தண்டு மூக்கு வெண்கல புஷ்ஷு வாயில முட்டி நிக்குதுன்னு அர்த்தம். பிளேட் நடுவுல இல்ல, இல்லேன்னா புஷ்ஷு அடிச்சு ஏத்தையில வாய் சுருங்கிருச்சு. புஷ்ஷை வெளியவே தண்டுல போட்டுப் பாத்தீங்களா?

---

ஈரோடு_மார்க்4:

கீழே 13, மேலே 8. ஜாக்கி பலகையோடு சேர்ந்து இறங்கியிருந்தது. ஏற்றினோம், அப்பா "ஆட்டு" என்றார், மச்சான் ஹேண்டிலை ஆட்ட, மொத்தமும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. போல்ட் எல்லாம் கையாலேயே ஏறியது.

இனி ஸ்டார்ட் பற்றிச் சொல்லுங்கள்.

---

பாயிண்ட்_15தௌ:

ஸ்டார்ட்டுக்கு முன் மூன்று வேலை. அவசரப்பட வேண்டாம், தேவையானால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

எர்த். என்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் எர்த் பட்டை மாட்டாவிட்டால், செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் முழுதும் சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சிவந்து புகையும். பட்டையின் இரு முனையிலும் பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரிய வைத்து இறுக்குங்கள். லேத்தில் பெயிண்ட் அடித்துக் கொடுத்த என்ஜினில் இது கட்டாயம். பேட்டரியின் எந்த முனை எர்த் என்பதைப் பழைய வயரிங் பார்த்து உறுதி செய்யுங்கள். இந்த வண்டிகளில் இரண்டு விதமும் உண்டு, நடுவில் யாராவது மாற்றியும் இருப்பார்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர். 1-ஆம் சிலிண்டர் கம்ப்ரஷனில் மேலே. 4-ஆம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி இன்னொன்று திறக்கிற நிலையில் ஆடும், அதுதான் அடையாளம். புல்லியில் வெட்டு, டைமிங் கவரில் கூர் முனைகள். நீளமானது டி.டி.சி. (பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை), மற்றவை 5, 10 டிகிரி. டி.டி.சி.க்கு 5 டிகிரி முன்னால் நிறுத்துங்கள். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) இடைவெளி 15 தௌ, ஸ்பார்க் பிளக் 25 தௌ. 12 வோல்ட் பல்பின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்க டெர்மினலிலும் இன்னொன்றை எர்த்திலும் கொடுத்து இக்னிஷன் போடுங்கள். பாயிண்ட் திறக்கிற நொடியில் பல்பு எரியும். எரியத் தொடங்குகிற இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்குங்கள். ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றும். பிளக் வயர் வரிசை 1-3-4-2, அதையும் இடஞ்சுழியாகவே. வலஞ்சுழியாக மாட்டினால் கார்பரேட்டர் வழியாக வெடிக்கும்.

டிரைவ் தண்டு தனியாக வெளியே எடுக்கப்பட்டிருந்தால், அதை இறக்கும்போது பற்கள் சேர்கையில் அது கொஞ்சம் திரும்பும் என்பதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே பின்னால் திருப்பி இறக்குங்கள். ஒரு பல் தள்ளிப் போனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பு திரும்ப இடம் இல்லாமல் மவுண்டிங்கில் இடிக்கும்.

ஆயில் பிரஷர், ஸ்டார்ட் செய்யாமலே. இது முக்கியம். கோர்க்கும்போது பம்ப்புக்குள் வாஸ்லின் அடைத்தார்களா என்று கேளுங்கள். அடைத்திருந்தால் பம்ப் உடனே உறிஞ்சும். பில்டர் கிண்ணத்தை ஆயில் நிரப்பி மாட்டுங்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது: பழைய ரப்பர் வளையம் பள்ளத்துக்குள் கல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் மேலேயே புது வளையத்தை வைத்துவிடுவார்கள். பிரஷர் வந்ததும் அரை லிட்டர் ஆயில் தரையில். ஊசியால் குத்தி எடுத்துப் பாருங்கள். மொத்தம் பில்டரோடு நாலேகால் லிட்டர் அளவு பிடிக்கும், டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஊற்றுங்கள். 20டபிள்யூ-50 மினரல் போதும். ரன்னிங் இன் (புது என்ஜினைப் பழக்கும் ஓட்டம்) முடியும் வரை சிந்தடிக் வேண்டாம், ரிங் செட் ஆகாது.

நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, காயில் வயரை விலக்கி, செல்ஃப் அடியுங்கள். 15 நொடி அடி, ஒரு நிமிடம் ஆறவிடு. டேஷ்போர்டு ஆயில் மீட்டர் ஏறும் வரை. நாலைந்து தடவையில் வராவிட்டால் மீட்டர் குழாயின் யூனியனைக் கழற்றி, எண்ணெய்க் குப்பியால் அந்த ஓட்டைக்குள் ஆயில் அழுத்தி, மறுபடி. மீட்டர் அசையாமல் பிளக்கை மாட்டவே கூடாது. ராக்கர் கவரைத் திறந்து எல்லா ராக்கரிலும் ஆயில் கசிகிறதா என்றும் பாருங்கள்.

இனி ஸ்டார்ட். ஸ்டார்ட் ஆனவுடன் ஐடிலில் விடாதீர்கள். கேமும் டேப்பட்டும் ஒன்றையொன்று முதல் முறை உரசுவது இப்போதுதான், ஐடிலில் அங்கே தெறிக்கும் ஆயில் குறைவு. 1500-க்கும் 2000-க்கும் நடுவில் ஆக்சிலேட்டரை ஏற்றி இறக்கி 20 நிமிடம். லேத்தில் கேம் லோப்பில் மாலிப்டினம் பேஸ்ட் தடவினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃபை நீளமாக அடித்துக்கொண்டே இருந்தால் அந்தப் பேஸ்ட் வழிந்துவிடும். அதனால்தான் டைமிங்கை முன்பே பல்பில் வைக்கச் சொன்னேன்.

ஒருவர் ஆக்சிலேட்டர், ஒருவர் ஆயில் மீட்டரை மட்டும், ஒருவர் அடியில் டார்ச்சோடு கசிவு, ஒருவர் தீயணைப்பான் கையில் பிடித்து கார்பரேட்டர் பக்கம் பெட்ரோல் கசிவு. ரேடியேட்டரில் தண்ணீர் இறங்க இறங்க ஊற்ற வேண்டும், முதலில் காற்று அடைத்திருக்கும். மேனிஃபோல்டில் பெயிண்ட் கருகி புகை வரும், பயப்பட வேண்டாம். ஓடும்போது 40 முதல் 60 பி.எஸ்.ஐ., சூடான ஐடிலில் 15-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. பூஜ்யத்துக்கு விழுந்தால் யோசிக்காமல் இக்னிஷனை அணையுங்கள்.

---

பழைய_லேத்து:

மேலே சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிற வழக்கம் நம் ஊரில் இருக்கிறது, "நம்ம வெயிலுக்கு எதுக்கு" என்று. ரீபோர் செய்த என்ஜினில் அது தவறு. தெர்மோஸ்டாட் இல்லாமல் என்ஜின் சூடேறத் தாமதமாகும், சிலிண்டர் சுவரில் பெட்ரோல் ஆயிலைக் கழுவும், ரிங் செட் ஆகாது. கொதிக்கிறது என்றால் காரணம் ரேடியேட்டர் உள் அடைப்போ, பிளாக்கின் அடியில் படிந்த துருச் சேறோ. அதைச் சரி செய்யுங்கள். 82 டிகிரி ஒன்று போடுங்கள், வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டுத் திறக்கிறதா என்று அடுப்பில் பார்த்துவிட்டு.

ஹெட் நட்டு: முதல் சூட்டுக்குப் பிறகு ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் ஒவ்வொரு நட்டாகக் கால் சுற்று தளர்த்தி மறுபடி 40. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தளர்த்தாதீர்கள். 500 கி.மீ.யில் ஆயிலும் பில்டரும் மாற்றும்போது இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் பிறகு டேப்பட்டை மறுபடி பார்க்க வேண்டும், ஹெட் இறங்கினால் இடைவெளி குறையும். சூடாக இருக்கும்போது 15 தௌ.

---

ஆர்சி_புக்:

ஒரு சின்ன விஷயம். அதே பிளாக் ரீபோர் ஆகி வந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். வேறு பிளாக் மாற்றிக் கொடுத்திருந்தால் என்ஜின் நம்பர் மாறும், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ.வில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் மாற்ற வேண்டும். எஃப்.சி. எடுக்கும் நாளில் தெரிந்துகொள்வதை விட இப்போதே பிளாக்கில் நம்பரைப் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்.

பெட்ரோல் குழாய்களையும் இப்போதே மாற்றுங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உப்பவைத்து மெதுவாகக் கரைக்கிறது. பம்ப் டயாஃப்ரம், கார்பரேட்டர் வாஷர் எல்லாம் அதற்குத் தாங்குகிற ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள்.

---

ஈரோடு_மார்க்4:

நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப் போகிறது. செல்ஃப் மூன்றாவது அடியில் மீட்டர் 40 காட்டியது. ஸ்டார்ட் ஆகி 20 நிமிடம் ஓடியது. ஓடும்போது 55, சூடான ஐடிலில் 22.

ஒரே ஒரு கேள்வி. பெல் ஹவுசிங் அடியில் அந்த கோட்டர் பின் ஓட்டையிலிருந்து ஒரு மணி நேரத்தில் நாலைந்து சொட்டு. ஆயிலா, கியர் ஆயிலா என்று தெரியவில்லை. என்ஜினை மறுபடி வெளியே எடுக்க வேண்டுமா?

---

பழைய_லேத்து:

எடுக்க வேண்டாம். ஒரு சொட்டை விரலில் எடுத்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை வந்தால் கியர்பாக்ஸ் முன்பக்கத்திலிருந்து வருகிறது. வாடை இல்லாமல் தேன் நிறத்தில் இருந்தால் என்ஜின் ஆயில். திருகுப் பள்ளத்தில் நின்ற ஆயில் நிறுத்தியபின் கொஞ்சம் வடிவது இந்த என்ஜினுக்கு இயல்பு. பிரீதர் சுத்தமாக இருந்து, 500 கி.மீ.யில் ரிங் செட் ஆனதும் பெரும்பாலும் குறையும். ஓடும்போதே சொட்டினாலோ, டாப் கியரில் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கினாலோ மட்டும் எழுதுங்கள். அதுவரை அடியில் ஒரு அட்டை போட்டு, சொட்டு எண்ணிக்கையைத் தேதி போட்டு அதிலேயே குறித்து வையுங்கள்.